மூணு மணிக்குள்ள

பக்கத்து வீட்டு மாமா எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார். சாவியே கிடையாது, போனில் தட்டினால் திறக்கும். ஆனாலும் ரெண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஏற்றி நசுக்கினால் வண்டியில் ஒரு உறுமல்கூட இல்லை. "திருஷ்டி கழிஞ்ச மாதிரியே தெரியலையேப்பா" என்று மனசில்லாமல் உள்ளே போனார்.

அவரைச் சிரித்து என்ன செய்ய? 2019 அக்டோபர் 8, விஜயதசமி அன்று பிரான்சில் முதல் ரஃபேல் போர் விமானத்தை வாங்கிக்கொண்டபோது பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அதன்மேல் ஓம் எழுதினார். சக்கரத்தடியில் எலுமிச்சை. பிரெஞ்சு எஞ்சினியர்கள் இது மேனுவலில் எந்தப் பக்கம் என்று புரட்டிப் பார்த்திருப்பார்கள், பாவம்.

இஸ்ரோக்காரர்கள் ராக்கெட்டின் குட்டி மாதிரியோடு திருப்பதி போவது தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது வேறு. மங்கள்யான் கிளம்பியது 2013 நவம்பர் 5, செவ்வாய், மதியம் 2.38. செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூணு மணிக்கு. சந்திரயான்-3 கிளம்பியது 2023 ஜூலை 14, வெள்ளி, 2.35. வெள்ளிக்கிழமை எமகண்டம்? அதுவும் மூணு மணிக்கு!

"சுற்றுப்பாதைக் கணக்குப்பா, கோள் எங்கே இருக்குன்னு பார்த்துத்தான் நேரம் குறிப்பாங்க" என்று அப்பாவிடம் விளக்கினேன்.

"நம்ம ஜோசியரும் அதைத்தானடா பண்றாரு?"

பதில் சொல்லத் தோன்றவில்லை. போன ஆயுத பூஜைக்கு என் லேப்டாப்புக்கு நானே வைத்த சந்தனம் ஃபேன் ஓட்டைக்குள் போய்விட்டது. இப்போதும் கொஞ்சம் சூடானால் கமகமவென்று கோயில் வாசனை.