ஓடை ஆக்கிரமிப்ப எடுக்கச் சொல்லி மனு கொடுக்கப் போறீங்களா? இத படிச்சிட்டுப் போங்க

சேர்வராயன் மலை அடிவாரத்துல எங்க ஊர். ஏரிக்குத் தண்ணி வர்ற ஓடைய மேல்காட்டுக்காரர் மண்ணக் கொட்டி மூடி மாந்தோப்போட சேத்துட்டாரு. ஏற்காட்டுல எவ்ளோ மழை பேஞ்சாலும் ஏரி கருவேலங்காடாத்தான் கெடக்கு, கெணத்துல ஊத்து வத்திப்போயி ஆளாளுக்கு ஆயிரம் அடிக்கு போர் போடறாங்க, பொதுக் கெணத்துல மோட்டார் போடற முறைக்காக பங்காளிங்களே மம்புட்டியத் தூக்கிட்டு நிக்கற அளவுக்கு வந்துடுச்சுங்க.

மனு எழுதறதெல்லாம் சுலபம். அலைய விட்டதுதான் இன்னும் வயிறு எரியுது. தாலுகா ஆபீஸ் கிளார்க் மனுவ பிரிச்சுகூட பாக்கல, "ஏரின்னா பிடபிள்யூடி (பொதுப்பணித்துறை), அங்க போங்க"ன்னுட்டாரு. அங்க போனா யூனியன் ஏரியாம், யூனியன்ல கேட்டா ஓடை ரெவின்யூவாம், அதாவது வருவாய்த்துறையாம். மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா ஒரு நாள் கூலியும் வீணாகியிருக்காது: ஏரித் தண்ணி பாயற நெலம், அதான் ஆயக்கட்டு, 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை (முன்னாடி பிடபிள்யூடியோட இருந்தது), அதுக்குக் கம்மின்னா ஊராட்சி ஒன்றியம். ஓடைப் புறம்போக்குல ஆக்கிரமிப்பு எடுக்க தாசில்தார்கிட்ட போகணும். ஏ பதிவேடும் (எந்த சர்வே நம்பர் என்ன வகை நெலம்னு இருக்கற கணக்கு) எஃப்எம்பியும் (நெலத்தோட அளவு வரைபடம்) ஆன்லைன்லயே எடுத்துக்கலாம், அதுல "ஓடை"ன்னு இருக்கற சர்வே நம்பர மனுவுல போடுங்க. வெறும் "எங்க ஊர் ஓடை"ன்னு எழுதுனா தூக்கி ஓரமா வச்சிடுவாங்க.

கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கொடுத்தா ரசீது நம்பர் கேட்டு வாங்குங்க. எங்களுக்கு "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது"ன்னு ஒத்த வரிதான் பதில் வந்துச்சு. அப்புறம் 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டோம், அந்த மனு இப்ப யாரு டேபிள்ல இருக்கு, என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு. 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும்ல, அதுக்கப்புறந்தான் சர்வேயரே வந்தாரு.

வந்தவரும் எல்லை அளக்கற சர்வே கல்லக் காணோம்னு கெளம்பப் பாத்தாரு. எங்க பெரியப்பாதான் விடல, "இருங்க சார், எங்கப்பா காலத்துக் கல்லு, எடம் எனக்குத் தெரியும்"னு முள்ளுக்குள்ள பூந்து கடப்பாறைய போட்டாரு, ணங்குனு சத்தம். மண்ணத் தள்ளுனா கல்லு அப்படியே நிக்குது! ஊர்ல வயசானவங்க யாராவது இருந்தா அளக்கற அன்னிக்கி கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க.

அளந்து முடிஞ்சதும் 1905 ஆக்கிரமிப்புச் சட்டத்துல மொதல்ல 7-ஆம் பிரிவு நோட்டீஸ், அப்புறம் 6-ஆம் பிரிவு நோட்டீஸ், பின்ன ஜேசிபி. ரெண்டு நோட்டீஸ் நகலயும் கைல வச்சுக்குங்க, ஆக்கிரமிச்சவரு கோர்ட்டுல ஸ்டே வாங்கப் போனா உங்களுக்கும் அது வேணும். தோப்புப் பக்கம் ஓடைய தொறந்துட்டாங்க. ரோட்டுக்கு அடியில அடைஞ்சிருக்கற பாலம் மட்டும் பாக்கி, ஐப்பசி மழைக்குள்ள தூர் வாரச் சொல்லி அடுத்த மனு எழுதிட்டிருக்கோம்.