ஃபிஃப்த் வீல் டிரெய்லரும் பிக்கப்பும்: எந்த ஆட்டத்துக்கு என்ன வேலை

பிக்கப் வண்டிகளுக்கு ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) பொருத்துவதும் சஸ்பென்ஷன் வேலை பார்ப்பதும் என் தொழில். பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள் உள்ள ஹிட்ச்சில் மூக்கை ஏற்றி மாட்டும் ஃபிஃப்த் வீல் டிரெய்லரை இழுப்பவர்கள் பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் நோயைச் சொல்வதில்லை, மருந்தின் பெயரோடு வருகிறார்கள். ஏர்பேக் (பின் சஸ்பென்ஷனுக்குத் துணையாகும் காற்றுப் பை) மாட்ட வேண்டும், ஆன்டி ரோல் பார் (பக்கச் சாய்வைக் குறைக்கும் கம்பி) போட வேண்டும், இன்னும் கனமான கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேண்டும் என்று கேட்பவரிடம், வண்டி எப்படி ஆடுகிறது என்று திருப்பிக் கேட்டால், "ஆடுகிறது, அவ்வளவுதான்" என்பதே பல நேரம் பதிலாக இருக்கும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு அசைவுகள் இருக்கின்றன. முதுகில் யாரோ தள்ளுவதுபோல முன்னும் பின்னுமாக உதறுவது ஒன்று. மூக்கு ஏறி இறங்கிக்கொண்டே போவது இன்னொன்று. பக்கவாட்டில் சாய்ந்து அசைவது மூன்றாவது. இவற்றின் காரணங்கள் வேறு வேறு என்பதால், ஒன்றுக்கான உதிரிபாகம் மற்றொன்றை அடக்குவதில்லை. சில சமயம் அதிகமாக்கியும் விடுகிறது.

பம்பருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டும் டிரெய்லரைவிட ஃபிஃப்த் வீல் இயல்பிலேயே நிதானமானது. டிரெய்லரின் மூக்கிலிருந்து கீழ்நோக்கி நீண்டு ஹிட்ச்சில் மாட்டும் முளையான கிங்பின், பிக்கப்பின் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ அமர்வதால், டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளும் விசைக்கு வண்டியின் வாலைத் திருப்பும் நெம்புகோல் கிடைப்பதில்லை. ஆகவே ஃபிஃப்த் வீல் பாம்புபோல நெளிகிறது என்று ஒருவர் சொன்னால், டயர், ஆக்ஸில் நேர்கோடு, சரக்கு அடுக்கிய விதம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தவறியிருக்கிறது என்றே முதலில் சந்தேகிப்பேன்.

எந்த உதிரிபாகத்தையும் எடுப்பதற்கு முன் வண்டியை எடை மேடைக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். டிரெய்லர் மாட்டிய நிலையில் பிக்கப்பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை, பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு அதே ஆட்களோடும் அதே எரிபொருளோடும் பிக்கப்பை மட்டும் நிறுத்தி இன்னொரு எடை எடுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கிங்பின் மீது இறங்கும் பாரம். அது டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 20 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 5,500 கிலோ டிரெய்லருக்கு அது 1,100 கிலோ. ஏறக்குறைய முழுவதும் பின் ஆக்ஸில் மீதே இறங்கும் இந்தப் பாரத்தோடு, பல நேரம் 50 கிலோவைத் தாண்டும் ஹிட்ச்சின் எடையையும் உள்ளே அமரும் ஆட்களின் எடையையும் கூட்டிப் பார்த்தால், இழுவைத் திறன் தாராளமாக உள்ள பல பிக்கப்கள் சுமக்கும் திறனில் எல்லையைக் கடந்துவிடுவது தெரியும். கதவோரத்து ஸ்டிக்கரில் அச்சிட்ட அந்த எல்லையை எந்த ஏர்பேக்கும் உயர்த்தாது. தொங்கிய பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவே.

பாரம் அதிகமாவது மட்டும் சிக்கலன்று. குறைந்தாலும் மூக்கு துள்ளும். தண்ணீர்த் தொட்டி ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கும் டிரெய்லரில் 200 லிட்டர் நிரப்பினால் 200 கிலோ வாலில் ஏறுகிறது; அதில் ஒரு பங்கு அளவுக்குக் கிங்பின் இலேசாகிறது. போகும்போது நன்றாக இருந்த வண்டி திரும்பும்போது உதறியது என்று சொல்பவர்களிடம் நான் தொட்டியைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பேன்.

அடுத்தது மட்டம். டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் இரட்டை ஆக்ஸில்களில் பின்னதன் டயர்கள் கூடுதல் பாரத்தைச் சுமக்க நேரிடும். அதே நேரத்தில் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் சரக்குத் தொட்டியின் பக்கச் சுவருக்கும் இடையே சுமார் 6 அங்குலம் இருந்தால்தான் மேடு பள்ளத்தில் இடிக்காது. இன்றைய உயரமான பிக்கப்களில் இரண்டையும் ஒருசேரப் பெறுவது எளிதன்று. இடைவெளிக்காக மூக்கைத் தூக்கிவிடும் பட்டறைகள் உண்டு. ஹிட்ச்சின் உயரத்தோடு டிரெய்லரின் ஆக்ஸில் உயரத்தையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

டயர் விஷயத்தை அலட்சியமாகக் கடந்துவிடுபவர்கள் அதிகம். வெறும் வண்டியில் சொகுசுக்காகக் குறைத்து வைத்த காற்றோடு 1,000 கிலோவை ஏற்றினால் பின் டயர்களின் பக்கச் சுவர் வளைந்து நெளியும். பக்கவாட்டு அசைவு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுவே. டயர் குளிர்ந்திருக்கும்போது, பாரத்துக்கு ஏற்ற அளவுக்குக் காற்று நிரப்பினாலே அது பெருமளவு அடங்கிவிடும். செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ, இதை நம்ப வைப்பதுதான் கடினம்.

முன்னும் பின்னுமான உதறலைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டிரெய்லர் தன் ஆக்ஸில்களை மையமாகக் கொண்டு ஏறி இறங்குகிறது. கிங்பின் அந்த ஆக்ஸில் மட்டத்தைவிட உயரத்தில் இருப்பதால், அது செங்குத்தாக மட்டும் அசைய முடியாது. ஒரு வில் கோட்டில் நகர்ந்து, ஏறும்போது பின்னாலும் இறங்கும்போது முன்னாலும் போகும். ஆக்ஸிலிலிருந்து 6 மீட்டர் முன்னால், 75 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள கிங்பின் 5 சென்டிமீட்டர் ஏறி இறங்கினால், முன்பின்னாக அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. பல ஆயிரம் கிலோ எடையுள்ள டிரெய்லர் அவ்வளவு நகர்வதே முதுகில் அறைவதற்குப் போதும். இதன்மேல் 2 அங்குல விட்டமுள்ள கிங்பினுக்கும் அதைக் கவ்வும் தாடைக்கும் இடையே தேய்மானத்தால் தளர்வு இருந்தால், தள்ளல் அடியாக மாறுகிறது. டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து வைத்து, பிக்கப்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, ஓரமாக நிற்கும் ஒருவர் தாடையைக் கவனித்தால் தளர்வு கண்ணுக்கே தெரியும். தளர்வை நீக்கிய பின்னும் உதறல் மிஞ்சினால்தான் ரப்பரோ காற்றுப் பையோ உள்ள பின் பாக்ஸை (டிரெய்லரின் மூக்கில் கிங்பின்னைத் தாங்கும் பெட்டியை) பரிந்துரைப்பேன். அது அடியை உள்வாங்கும். ஏற்ற இறக்கத்தை நிறுத்தாது.

ஏற்ற இறக்கத்தை நிறுத்துவது ஷாக் அப்சார்பரின் வேலை. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், ஷாக் அப்சார்பர் அசைவைத் தணிக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கடினமாக்கினால் நிதானம் வரும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஷாக் அப்சார்பர் தேய்ந்த வண்டியில் ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கினால், கான்கிரீட் சாலையின் இணைப்புகளில் வண்டி இன்னும் வேகமாகத் துள்ளும். ஏர்பேக்கில் அளவுக்கு மீறிக் காற்றடைப்பதும் அப்படித்தான். பாரம் அகலமாக அமைந்த கமான் பட்டைகளை விட்டு, சேஸிஸுக்கு நெருக்கமாக உள்ள பைகளுக்கு மாறிவிடுவதால், மட்டமாக நிற்கும் வண்டி பக்கவாட்டில் முன்னைவிட அதிகமாகச் சாயக்கூடும். தொங்கல் முழுவதையும் போக்காமல், கமான் பட்டையும் தன் பங்கைச் சுமக்கும் அளவோடு காற்றை நிறுத்துவதே நல்லது.

டிரெய்லரின் அடியில் படுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. பல டிரெய்லர்களில் ஷாக் அப்சார்பரே இருக்காது. கமான் பட்டைகளை இணைக்கும் போல்ட்டுகள் பிளாஸ்டிக் புஷ்களில் (துளைக்குள் அமரும் உறைகளில்) சுழலும். அவை தேய்ந்ததும் உலோகத்தோடு உலோகம் உரசி, துளைகள் நீள்வட்டமாகி, ஆக்ஸில் நேர்கோடு விலகி, டயர் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கும். வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் அடிக்கக்கூடிய போல்ட்டும் மாற்றி, டிரெய்லருக்கு ஷாக் அப்சார்பர் பொருத்துவதற்கு ஆகும் செலவு வீணானதாக நான் கண்டதில்லை.

இவ்வளவும் முடிந்த பின், பிக்கப்பிலிருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரைச் சரிபார்த்தே வண்டியை ஒப்படைப்பேன். டிரெய்லர் பிரேக் பலவீனமாக அமைந்திருந்தால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் டிரெய்லர் பிக்கப்பை முன்னால் தள்ளும். ஓட்டுபவர் அதையும் உதறல் என்றே சொல்வார். காலியான இடத்தில் குறைந்த வேகத்தில் கையால் கன்ட்ரோலரின் லீவரை அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் டிரெய்லர் தானாக வண்டியை இழுத்து நிறுத்தும் அளவுக்கு விசையைக் கூட்ட வேண்டும். சரக்கு கணிசமாகக் கூடினாலோ குறைந்தாலோ அந்த அளவை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சாவியைக் கொடுக்கும்போது சொல்லி அனுப்புகிறேன்.