ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவிய புதன்கிழமை

போன மே மாதம், ஒரு ஞாயிறு காலை. காபி டம்ளரோடு ஹாலுக்கு வந்து மீன் தொட்டியைப் பார்த்த அத்தை, "மீனெல்லாம் மேலயே நின்னு வாயை வாயைத் திறக்குதும்மா, பசியா இருக்குமோ?" என்றார். பசித்த மீன் ஆளைப் பார்த்ததும் முன்னால் ஓடிவரும். இவை யாரையும் கண்டுகொள்ளவில்லை. நான்கு கருப்பு மோலி, ஒன்பது கப்பி, எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் வரிசையாகத் தொங்கின மாதிரி நின்றன. தண்ணீரோ பளிங்கு மாதிரி தெளிவு.

முதல் நாள் ராத்திரி இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. காற்றுதான் போதவில்லை என்று நினைத்து, இருந்த இன்னொரு ஏர் பம்பையும் போட்டேன். ஒரு மணி நேரமாகியும் மீன்கள் கீழே இறங்கவில்லை. காற்றுக் குறை மட்டும்தான் என்றால் அதற்குள் இறங்கியிருக்கும். மீன் வாங்கிய கொளத்தூர் கடைக்குப் போன் செய்தேன். "தண்ணிய முழுசா மாத்திட்டு நீல மருந்து விடுங்க மேடம்" என்றார்கள். மனசு ஒப்பவில்லை. என்ன நோய் என்றே தெரியாமல் மருந்தா? அதுவும் அந்த மருந்து, ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும்.

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா தண்ணீரில் எவ்வளவு என்று காட்டும் டெஸ்ட் கிட்டை எடுத்தேன். குழாயில் 5 மில்லி தண்ணீர், இரண்டு பாட்டிலிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு, குலுக்கிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அமோனியா இல்லையென்றால் எலுமிச்சை மஞ்சளாகவே இருக்கும். டியூப் லைட்டில் இந்த நிறத்தை நம்பாதீர்கள். பால்கனிக்குக் கொண்டுபோய், பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பார்த்தேன். நல்ல பச்சை. கிட்டோடு வந்த நிற அட்டையில் 1 பிபிஎம்முக்கும் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) 2-க்கும் நடுவில். தண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மை, 8, வெப்பம் 30 டிகிரி.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். மீனை அதிகம் தாக்காத அமோனியம் ஒன்று, செவுளை அரிக்கும் அமோனியா இன்னொன்று. கிட் இரண்டையும் கூட்டித்தான் காட்டும். 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் நச்சு வடிவம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8 என்றால் ஏழு பங்குக்கு மேல். எங்கள் மடிப்பாக்கம் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். மோலிக்கும் கப்பிக்கும் அதுதான் பிடிக்கும் என்றே அவற்றை வளர்க்கிறேன். ஆனால் அமோனியா ஏறிவிட்டால் அதே தண்ணீர்தான் மீனுக்கு எமன்.

எங்கிருந்து வந்தது? செத்த மீன் எதுவும் செடிக்குள் கிடக்கவில்லை. தீனியும் வழக்கமான அளவுதான். பின்னோக்கி நாள் நாளாக யோசித்தேன். புதன்கிழமை ஃபில்டரைச் சுத்தம் செய்திருந்தேன். பழைய பஞ்சை எறிந்துவிட்டுப் புதுசு வைத்தேன். ஸ்பாஞ்சைச் சமையலறைக் குழாயில் பிழிந்து பிழிந்து கழுவினேன். அன்றைக்குக் குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது ஞாபகம் வந்தது. காவலாளி அண்ணனைக் கேட்டேன். செவ்வாய் ராத்திரி சம்ப்பில் போட்டதாகச் சொன்னார்.

அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா, இரண்டுக்கும் வீடு அந்தப் பஞ்சும் ஸ்பாஞ்சும்தான். தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். பஞ்சோடு பாதியை எறிந்தேன், மீதியைக் குளோரினில் குளிப்பாட்டினேன்.

அன்றே தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன், சாயங்காலம் இன்னொரு முறை. டிரம்மில் பிடித்த தண்ணீரில் ஆன்டி குளோரின் கரைத்து, அதன் பிறகே ஊற்றினேன். இரண்டு நாள் தீனி கிடையாது. அத்தைக்குத்தான் அது தாங்கவில்லை. நங்கநல்லூரில் இருக்கும் தோழியின் தொட்டி மூன்று வருடமாக நோய்நொடி இல்லாமல் ஓடுகிறது. அவள் ஃபில்டர் ஸ்பாஞ்சை ஒரு கவரில் பிழிந்து கொடுத்தாள். காவி நிறத்தில் குழம்பு மாதிரி இருந்த அந்தத் தண்ணீரை அப்படியே என் ஃபில்டரில் விட்டேன். பார்க்க அழுக்குதான், எனக்கு அன்றைக்கு அதுதான் மருந்து.

ஐந்தாம் நாள் அமோனியா குறைந்து, நைட்ரைட் சோதனை ஊதாவாக வந்தது. நைட்ரைட் ரத்தத்தில் கலந்தால் ஆக்சிஜனைச் சுமக்க விடாது, செவுளே பழுப்பேறிவிடும். அதற்கு உப்பு உதவும், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டை உள்ளே போகவிடாமல் தடுக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் ஐம்பது லிட்டருக்கு 50 கிராம் கல் உப்பு, மக்கில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மோலியும் கப்பியும் இதைத் தாங்கும். எல்லா மீனும் தாங்காது, உங்கள் மீனுக்கு ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றி எடுத்த தண்ணீரை அந்த நாட்களில் கறிவேப்பிலைச் செடிக்கு விடவில்லை.

இரண்டு கப்பிகள் போய்விட்டன. அதில் ஒன்று வால் முழுக்கச் சிவப்பாக இருக்கும், பையனுக்கு ரொம்பப் பிடித்தது. பன்னிரண்டாம் நாள் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தன.

அந்தப் பன்னிரண்டு நாளும் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்ததில், கண்ணாடியின் மேல் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்த கோட்டையும் கவனித்தேன். கோடையில் தண்ணீர் ஆவியாகும், உப்புகள் ஆவியாகாது. வற்றியதற்கெல்லாம் போர் தண்ணீரையே ஊற்றியதில், கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், போரில் 900, தொட்டியில் 1400 என்று காட்டியது. இப்போது வற்றிய அளவுக்கு ஆர்ஓ தண்ணீர், மாற்றும்போது மட்டும் போர் தண்ணீர்.

ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே, ஒரு வாளியில் இரண்டு முறை பிழிந்தால் போதும். பஞ்சையும் ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் தொடுவதில்லை. பிளீச்சிங் போடுவதற்கு முதல் நாளே காவலாளி அண்ணன் இண்டர்காமில் சொல்லிவிடுகிறார். டிரம்மை அன்றைக்கே நிரப்பி வைத்துவிடுகிறேன்.