செல்லாத தாள்

நீலகிரியில் சீகை (வாட்டில்) மரங்களை எந்தக் காட்டில் முதலில் அகற்றுவது என்று வரிசைப்படுத்தித் தரும் மென்பொருள் வேலையில் சில காலம் இருந்தேன். தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்து நட்ட மரம் புல்வெளியெல்லாம் பரவிவிட்டது. சரிவு, சாலைத் தொலைவு, ஓடை, மர அடர்த்தி என்று வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்தால் கணினி மதிப்பெண் போட்டுவிடும். அந்த எடையை யார் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

அதற்குத் தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய முறையை எடுத்துக்கொண்டோம். இரண்டிரண்டாக ஒப்பிட்டு, எது எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரை எண் போட வேண்டும். சாலையைவிட ஓடை முக்கியம், சரிவைவிடச் சாலை முக்கியம் என்று எழுதியவர், பிறகு ஓடையைவிடச் சரிவு முக்கியம் என்றால் மாட்டிக்கொள்வார். முரண்பாட்டு விகிதம் 0.10-ஐத் தாண்டினால் மறுபடி கேட்க வேண்டும்.

அதிகாரிகளின் தாள்கள் தேறிவிட்டன. வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவருடையது மட்டும் எங்கோ போய் நின்றது. கேள்வி புரியவில்லை போலும் என்று நினைத்தேன்; கணினிமேல் எனக்கு அப்போது அவ்வளவு பக்தி. தாளை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன்.

"எந்த இடத்தைக் கேட்கிறீர்கள், தம்பி?"

"எல்லா இடத்துக்கும் பொதுவாக, அண்ணா."

பதில் சொல்லாமல் முன்னே நடந்தார். எங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்த காடு அது: சாலையோரம், சரிவு குறைவு, சீகை நெருக்கம். உள்ளே குனிந்து சருகை விலக்கினார். நிழலில் முழங்கால் உயரத்துக்கு விக்கிக் கன்றுகள்; சோலை எனப்படும் இந்த மலையின் சொந்தக் காட்டு மரம் அது. "மேலே இருப்பதை ஒரேயடியாக வெட்டினால் இவை கருகிவிடும். சீகைதான் திரும்ப வரும்." உண்மைதான். சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடக்கும். வெயிலோ நெருப்போ பட்டால் கூட்டமாக முளைக்கும்.

எதிர்மேட்டைக் காட்டினார். பழைய புல்வெளி, அங்கொன்றும் இங்கொன்றுமாக இளஞ்சீகை. "அங்கே இன்றைக்கே கையால் பிடுங்கலாம்." அடர்த்தி குறைவு என்பதால் அது எங்கள் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கிடந்தது.

பிறகு புல்வெளிக்கு ஒன்று, சோலைக்கு ஒன்று எனத் தாளை இரண்டாக்கினோம். மரநிழலுக்கடியில் இருக்கும் கன்றுகள் செயற்கைக்கோள் படத்தில் தெரியாது, ஆளனுப்பி எண்ணினோம். புல்வெளித் தாளைக் காவலர் மளமளவென்று நிரப்பினார், விகிதமும் தேறியது. சோலைத் தாளில் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஓடை என்றால், எந்த ஓடை?"