டிவோலியில் கேட்ட பூங்காவனம்

மூன்று கோடைகளுக்கு முன், கொப்பன்ஹேகன் டிவோலிப் பூங்காவின் இசையரங்கில், நான் வாய்விட்டு "ஆஹா" என்று சொல்லிவிட்டேன். சிம்பொனி இசைக்குழுவின் கடைசி வரிசையில் பெரிய செப்பு முரசுகளுக்கு முன் நின்ற மனிதர், காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருந்த ஒரு முழக்கத்தை மெல்ல மெல்ல ஏற்றி, உச்சிக்குக் கொண்டுபோய், இரண்டு உள்ளங்கைகளையும் தோலின்மேல் வைத்துச் சட்டென்று அடக்கினார். எங்கள் ஊரில் என்றால் அந்த இடத்தில் ஐம்பது தலைகள் ஆடியிருக்கும். பத்துப் பேராவது "பேஷ்" என்றிருப்பார்கள். இங்கே என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. முன்வரிசையில் இருந்த வயதான பெண்மணி திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை. விவரம் தெரியாத பிள்ளையை அடக்கும்போது வருகின்ற கனிவுதான் இருந்தது. அந்தக் கனிவுதான் எனக்குச் சுட்டது.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1990-இல். தலைநகருக்கு மேற்கே கடல் தாண்டி இருக்கும் யூலண்டில் வேலை செய்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, டேனிஷ் மொழியில் கனவு காணும் அளவுக்கு இங்கே ஊறிவிட்டேன். குளிரைப் பற்றி முறைப்பாடு சொல்வதை நிறுத்தியே இருபது ஆண்டுகள் இருக்கும். ஆனாலும் அந்த விரல் உதட்டுக்குப் போன நொடியில், ஒரு கைப்பையோடு அகதி முகாம் வாசலில் நின்ற இருபத்திரண்டு வயதுப் பையனாகவே நான் மறுபடியும் நின்றேன்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருக்கிறது. கோயில் கொடியேறினால் வீட்டில் மச்சம் காய்ச்சமாட்டார்கள். சட்டி பானை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். தேரும் தீர்த்தமும் முடிந்தபின் வருகின்ற பூங்காவனத் திருவிழாவுக்காகத்தான் அப்பா ஆண்டு முழுவதும் காத்திருப்பார். அன்றிரவு கோயில் உள்வீதி வாழையும் தோரணமும் கட்டி உண்மையிலேயே ஒரு பூங்காவாகிவிடும். வெளிவீதியில் கச்சான் கடை, மணிக்கடை, தும்பு மிட்டாய், ஐஸ்கிரீம் வான். நடுவில் மேளச்சமா. இரண்டு கூட்டத்து மேளம் எதிரெதிரே அமர்ந்து விடியும்வரை வாசிக்கும். பிள்ளைகள் தாய்மாரின் சேலைத் தலைப்பில் மணலிலேயே உறங்கிவிடுவார்கள். தவில்காரர் ஒருவர் சிக்கலான ஒரு கணக்கை எடுத்து, அது எங்கே போய் விழும் என்று எவருக்கும் தெரியாதபடி நீட்டிக்கொண்டு போகும்போது, முன்னால் இருக்கும் நாலைந்து பேரை நிமிர்ந்து பார்ப்பார். அவர்கள் தாளத்தை விடாமல் பிடித்திருக்கிறார்களா என்பதை அறியவே அந்தப் பார்வை. அந்த நாலைந்து பேரில் அப்பாவும் ஒருவர். கணக்கு சரியாகத் தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து விழும்போது அப்பாவின் வாயிலிருந்து வரும் "ஆஹா" தவில்காரருக்குப் போய்ச் சேரும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் அடுத்ததை எடுப்பார். "கையை மட்டும் பாராதை, கணக்கைப் பார்" என்று என் முழங்காலில் தன் விரலால் தட்டித் தட்டி அப்பா சொல்லித் தந்தது அந்த மணலில்தான். 1975-இல் மறைந்த தட்சிணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்டவர் அவர். அந்த மனிதரைப் பற்றிப் பேச்செடுத்தால் அப்பாவின் குரல் இன்றைக்கும் தாழ்ந்துவிடும்.

கேட்பவர் வாய் திறந்தால்தான் இசை முழுமையாகும் என்று பழகியவன் நான். அதனால்தான் அந்த அரங்கின் மௌனம் எனக்கு இவ்வளவு பெரிய குறையாகப் பட்டது.

ஆனால் டிவோலியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இந்த நாட்டில் என்னை முதன்முதலில் சிரிக்க வைத்த இடம் அது. 1991 கோடையில் மொழிப் பள்ளியிலிருந்து எங்களைக் கொப்பன்ஹேகனுக்குக் கூட்டிச் சென்றார்கள். இன்றுபோல் பெரிய நீரிணைக்கு மேலாகப் பாலம் இல்லாத காலம். கப்பல் ஏறிக் கடந்துதான் தலைநகருக்குப் போகவேண்டும். புகையிரத நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே டிவோலி. உள்ளே போய்ப் பத்து நிமிடம் இருக்காது, எங்கிருந்தோ சிறுபறை ஒலி கேட்டது. சனம் தானாக இரண்டு பக்கமும் விலகியது. சிவப்புச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, தலையில் கரடி மயிர்த் தொப்பி. சிறுவர் படையணி ஒன்று பறையும் குழலுமாக நடந்து வந்தது. சுவாமி வெளிவீதி வரும்போது சனம் எப்படி விலகுமோ அப்படியே விலகியது. "விலத்துங்கோ, விலத்துங்கோ" என்று ஒருவர் முன்னால் போகவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

முன்வரிசையில் பறையடித்த பையனுக்குப் பத்து வயது இருக்கலாம். தொப்பியின் வார் அவன் நாடியை இறுக்கிப் பிடித்திருந்தது. வலது பெருவிரலில் ஒட்டுப்போட்டிருந்தான். அந்த ஒட்டின் ஓரம் வியர்வையில் கழன்று, குச்சி தோலில் விழும் ஒவ்வொரு தடவையும் எழுந்து எழுந்து ஆடியது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. எங்கள் ஊர்த் தவில்காரர்கள் வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகள் எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தன. வாசிப்பதற்கு முன் ஒவ்வொன்றாக மாட்டி, தவிலில் ஒரு தடவை தட்டிப் பார்த்து, சரியில்லை என்று கழற்றி, மறுபடி மாட்டுவார்கள். நான் அந்தப் பையனோடு கூடவே நடந்தேன். பள்ளிக்கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டேன் என்பது பூங்காவின் மறுமுனை வரை போன பிறகே தெரிந்தது.

பின்னாளில் டேனிஷ் வாசிக்கப் பழகியபின், அந்தப் பூங்காவின் கதையைத் தேடித்தேடிப் படித்தேன். கெயோர்க் கார்ஸ்டென்சன் என்பவர் 1843 ஓகஸ்ட் 15 அன்று அதைத் திறந்தார். மக்கள் மகிழ்ந்திருந்தால் அரசியலை நினைக்கமாட்டார்கள் என்று மன்னரிடம் சொல்லித்தான் அவர் அனுமதி வாங்கினார் என்று சொல்லப்படுகிறது. அரசியலால் ஊரை இழந்து வந்தவனுக்கு அந்த வரியை எளிதில் தாண்டிப்போக முடியவில்லை. நகரின் பழைய அரண் நின்ற இடம் அது. உள்ளே இருக்கும் குளம் அன்றைய அகழியின் மிச்சம். திறந்த அடுத்த ஆண்டே, 1844-இல், சிறுவர் படையணி தொடங்கப்பட்டது. இப்போது அதில் சிறுமிகளும் இருக்கிறார்கள். பூங்காவின் முதல் இசைப் பொறுப்பாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் லும்பியே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்து, நடனத்துக்கும் உலாவுக்கும் உரிய இசையை எழுதிக் குவித்தார். ராட்டினமும் மிட்டாயும் விற்கும் இடத்துக்கு, திறந்த நாளிலேயே ஓர் இசைக்குழுவும் வேண்டும் என்று அந்தக் காலத்து மனிதர்களுக்குத் தோன்றியிருக்கிறதே! மணிக்கடையும் மேளமும் ஒரே வீதியில் இருக்கவேண்டும் என்பதை அவர்களும் அறிந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1944 ஜூனில், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழ், நாசிகளின் ஆட்கள் டிவோலியில் குண்டு வைத்தார்கள். இசையரங்கு முற்றாக அழிந்தது. சில வாரங்களிலேயே பூங்காவை மறுபடி திறந்தார்கள். ஆனால் நான் "ஆஹா" சொன்ன இன்றைய அரங்கு எழுந்தது 1956-இல்தான். எங்கள் கோயிலின் மணிக்கூட்டுக் கோபுரமும் ஷெல் விழுந்து சரிந்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அப்பாவும் அம்மாவும் அந்தச் சனத்துக்குள் மழையில் நடந்தார்கள். அவர்கள் திரும்பிப் போனபின் நடந்த முதல் திருவிழாவில் ஒரேயொரு கூட்டத்து மேளம்தான். எதிர்மேளம் இல்லை. அதைப் பற்றி அப்பா எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "மேளம் வந்தது, அது போதும்" என்று ஒரு வரி. வேறு ஒன்றும் அதைப்பற்றி அவர் எழுதவில்லை.

இங்கேயும் எங்கள் சனம் கோயில் கட்டித் தேர் இழுக்கிறது. தவிலும் நாதஸ்வரமும் வருகின்றன. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் எல்லோருக்கும் வேலை. விடியும்வரை சமா என்பதை இங்கே எவரும் நினைப்பதே இல்லை. ஆகவே நான் ஒவ்வொரு கோடையிலும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் புகையிரதத்தில் இருந்து டிவோலிக்குப் போகிறேன். 1997-இலிருந்து வெள்ளிக்கிழமை இரவுகளில் அங்கே புல்வெளி மேடையில் ரொக் இசை நடக்கிறது. நுழைவுச்சீட்டு எடுத்தவர் எவரும் நின்று கேட்கலாம். என் மகள் அதற்காகவே வருவாள். எனக்கோ, 1914-இல் கட்டிய மரத்தண்டவாள ரோலர் கோஸ்டரின் இரைச்சலும் அதில் போகிறவர்களின் கூச்சலும் மேலால் உருண்டு செல்ல, அவற்றின் கீழே ஒரு குழலோசை விடாமல் நிற்பதைக் கேட்பதுதான் பெரும் சுகம். அந்த வண்டியில் இன்றும் ஓர் ஆள் ஏறியிருந்து கையால் தடை பிடிக்கிறார். ஐஸ்கிரீம் வானின் மணிக்கு நடுவே தோடி ராகம் கேட்டு வளர்ந்த காது இது. தூய மௌனத்தில் வைத்துத் தந்தால் அதற்கு இசை பாதிதான் கேட்கும்.

ஸ்டொக்ஹோமில் மனைவியின் தமக்கை வீட்டுக்குப் போனபோது, ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் கோடைகால செவ்வாய் மாலைகளில் நடக்கும் கூட்டுப்பாடல் நிகழ்ச்சிக்குக் கூட்டிச் சென்றார்கள். 1935-இல் தொடங்கிய வழக்கம் அது. மேடையில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஆயிரக்கணக்கில் கூடிய சனம், கிழவர் குமரர் என்றில்லாமல், பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு சேர்ந்து பாடுகிறது. மனைவி என் காதருகே, "இவையும் எங்களைப்போல பஜனை படிக்கினம்" என்றாள். உண்மைதான். ஆனால் மேடையில் இருப்பவர் தருவதை அப்படியே திருப்பிக் கொடுக்கின்ற மறுமொழி அது. நான் தேடியது, தெரிந்தவன் ஒருவன் தன்னை அறியாமல் உதிர்க்கும் அந்த ஒற்றைச் சொல்லை. அது அங்கேயும் கிடைக்கவில்லை.

சென்ற கோடையில் ஒரு மாலை, தனியாக டிவோலிக்குப் போயிருந்தேன். திறந்த மண்டபத்தில் இசைக்குழு லும்பியேயின் 'சம்பெய்ன் கலொப்'பை வாசித்துக்கொண்டிருந்தது. பூங்காவின் இரண்டாம் ஆண்டு நிறைவுக்காக 1845-இல் அவர் எழுதியது அது. போத்தல் மூடி தெறிக்கும் ஓசையோடு தொடங்கி இரண்டே நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். அங்கே ஏழு மணி. ஊரில் இரவு பத்தரை. பூங்காவனத்தில் மேளம் சூடு பிடிக்கின்ற நேரம். அப்பா இப்போது எண்பத்தேழு வயதில் சாய்மனைக் கதிரையில் அரைத்தூக்கத்தில் இருப்பார் என்று தெரிந்தும் வாட்ஸ்அப் வீடியோவில் அழைத்தேன். தங்கச்சி எடுத்து அவர் முகத்துக்கு முன்னே பிடித்தாள். நான் கைபேசியை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"இதென்ன கலியாண வீடோ?" என்றார் முதலில். கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஓட்டம் நல்லாயிருக்கு. தனி எப்ப விடுவினம்?" என்றார். தாளக்காரர் மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்ற ஒன்று இவர்களுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, பாட்டு முடிந்து, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பாதையில் பறையொலி எழுந்தது. படையணிச் சிறுவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். குழல்கள் ஓய்ந்து பறை மட்டும் ஒலித்த இடம். ஆறேழு பிள்ளைகள் ஒரே கையாக அடித்தார்கள். கைபேசிக்குள் இன்னொரு மெல்லிய தட்டல் கேட்கத் தொடங்கியது. கதிரையின் மரக்கையில் அப்பாவின் விரல்கள். அவர்கள் வளர்த்துக்கொண்டு போனார்கள். அந்த விரல்களும் விடாமல் கூடவே போயின. கடைசி அடி விழுந்தது. மரத்திலும் விழுந்தது.

"ஆஹா!"

எழுபது ஆண்டுக் கச்சேரிகளில் பழகிய குரல் அது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி அதிர்ந்தது. முன் வாங்கில் தடியை ஊன்றி இருந்த டேனிஷ் முதியவர் திரும்பிப் பார்த்தார். என் கை தானாகவே கைபேசியை மூடப் போனது. அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையில் தெரிந்த அப்பாவின் முகத்தையே பார்த்தார். பிறகு தடியை எடுத்துக்கொண்டு வாங்கில் ஓரமாக நகர்ந்து, பிள்ளைகள் வரும் பாதை தெரியும்படி எனக்கும் கைபேசிக்குமாக இடம் விட்டார்.

நான் போய் இருந்து, கைபேசியை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தேன். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி," என்றார், "அங்கை இன்னும் பொழுது படேல்லையோ?"