குளிர்ப் பிரதேசத்தில் லாவெண்டர்: எந்த ரகம், எந்த வேலைக்கு

லாவெண்டர் நாற்று வாங்குபவர்கள் பெரும்பாலும் பூவின் நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். பனி விழும் இடத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர் அதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: பூ சமையலுக்கா, உலர்த்திக் கட்டுவதற்கா, எண்ணெய் வடிப்பதற்கா? ஒரே ரகம் மூன்றுக்கும் சரியாக வராது.

சமையலுக்கு ஆங்கில லாவெண்டர் எனப்படும் அங்குஸ்டிஃபோலியா இனம்தான். மன்ஸ்டெட், ராயல் வெல்வெட், மெலிசா, ஃபோல்கேட் எல்லாம் அதில் அடக்கம். கற்பூர நெடி மிகக் குறைவு என்பதால் வாயில் கசக்காது. ஹிட்கோட்டும் இதே இனம். அதன் அடர்ந்த ஊதா நிறம் காய்ந்த பிறகும் மங்காமல் நிற்பதால் உலர் பூங்கொத்துக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். வடிகால் நன்றாக இருந்தால் இந்த இனம் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்.

குரோசோ, சூப்பர், பிராவன்ஸ், ஃபினாமினல் ஆகியவை லாவண்டின் எனப்படும் கலப்பினங்கள். புதர் பெரிது, காம்பு நீளம், எண்ணெயும் அதிகம். கற்பூர வாசம் தூக்கலாக இருப்பதால் வாசனைப் பைக்கும் சோப்புக்கும் அருமை, உணவுக்கு வேண்டாம். குளிர் அதிகமென்றால் ஃபினாமினலும் குரோசோவும் பிராவன்ஸைவிட நம்பகமானவை. முயல்காது போன்ற இதழ்கள் கொண்ட ஸ்டோக்கஸ் வகை பார்க்க அழகுதான், ஆனால் கடும் உறைபனியில் பட்டுப்போகும். தொட்டியில் வளர்த்து உள்ளே எடுத்து வைக்க முடியாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

லாவண்டின் மலடு, விதை பிடிக்காது; குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும். ஹிட்கோட்டை விதையிலிருந்து வளர்த்தால் உயரமும் நிறமும் செடிக்குச் செடி மாறும். வரிசை ஒரே சீராக வேண்டுமென்றால் அங்கும் குச்சிதான். பூக்காத இளந்தளிரை 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கனிமத் துகள்) கலந்த ஈரக் கலவையில் செருகினால் மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும்.

குளிர்காலம் முடிந்து செத்துக் கிடக்கும் லாவெண்டரைப் பிடுங்கிப் பாருங்கள். பல சமயம் வேர் பழுப்பேறி, தொட்டால் தோல் உரிந்து வரும். அது தண்ணீர் தேங்கியதால் வந்த வேரழுகல், உறைபனி மேல் பழிபோட முடியாது. ஆகவே நடுமுன் 30 செ.மீ. ஆழக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மணிக்கு 2, 3 செ.மீ. கூட இறங்கவில்லையென்றால் சமதரையில் நடாதீர்கள்; 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். களிமண்ணில் சிறு குழி தோண்டி அதற்குள் மட்டும் மணலைக் கொட்டுவது கெடுதல். சுற்றுப்புறத் தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள் வந்து நிற்கும். மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 6.5 முதல் 7.5 வரை இருக்கட்டும். குறைவாக இருந்தால் மண் பரிசோதனை சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு போடலாம். தொழுவுரத்தை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் தண்டு கொழகொழவென்று வளர்ந்து முதல் உறைபனியிலேயே கருகும்.

நடவு வசந்தத்தில், கடைசி உறைபனி போன பிறகு. இலையுதிர் காலத்தில் நட்டால் வேர் ஊன்றுவதற்குள் மண் உறைந்து, இளகி, மறுபடி உறைந்து நாற்றை மேலே தள்ளிவிடும். அங்குஸ்டிஃபோலியாவுக்கு 45 முதல் 60 செ.மீ., லாவண்டினுக்கு 90 செ.மீ. இடைவெளி. முதல் ஆண்டு வரும் பூங்காம்புகளை மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டிவிடுங்கள். அந்தச் சத்து வேருக்குப் போகட்டும். முழு விளைச்சல் மூன்றாம் ஆண்டில்தான்.

கவாத்தில்தான் நிறையப் பேர் செடியை இழக்கிறார்கள். புதரை விரலால் விலக்கிப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறக் கட்டையும் அதற்கு மேல் பச்சைத் தண்டும் தெரியும். பச்சையில் 5 செ.மீ. விட்டு மேலே வெட்ட வேண்டும். வெறுங்கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. வேலையைப் பூ முடிந்ததும் செய்யுங்கள், முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்பாவது முடியட்டும். பிந்தி வெட்டினால் வரும் புதுத்துளிர் குளிரில் மாட்டிக்கொள்ளும்.

குளிர்காலத்தில் செடிமேல் நிற்கும் பனிதான் சிறந்த போர்வை. பனி தங்காமல் காற்று வீசும் இடமென்றால் காற்றோட்டமுள்ள விவசாயத் துணியால் மூடுங்கள். வைக்கோலும் இலைச்சருகும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேண்டாம்.

அறுவடை நேரம் பயனைப் பொறுத்தது. சமையலுக்கு மொட்டு நிறமேறி, விரியாமல் இருக்கும்போது. கொத்துக்கு கதிரில் ஓரிரு பூ விரிந்ததும். எண்ணெய்க்குப் பாதிப் பூ வாடிய பிறகு. எதுவானாலும் காலையில் பனித்துளி காய்ந்ததும் வெட்டுங்கள். கொத்தை நூலால் கட்டினால் காம்பு காய்ந்து சுருங்கும்போது நழுவி விழும். ரப்பர் பேண்டு கூடவே இறுகும். வெளிச்சம் படாத, காற்று ஓடும் இடத்தில் தலைகீழாக ஒன்றிரண்டு வாரம் தொங்கினால் போதும்.

எண்ணெய் வடிக்கும்போது பூ கொதிநீரில் மூழ்கக் கூடாது, ஆவி மட்டும் ஊடுருவ வேண்டும். நீரில் வேகும்போது இனிய மணம் தரும் லினாலில் அசிடேட் சிதைந்துவிடும்.

சமையலில் கை அடக்கம் வேண்டும். ஒரு கப் தண்ணீர், ஒரு கப் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி உலர்மொட்டு: கொதி வந்ததும் அடுப்பை அணைத்து 15 நிமிடத்தில் வடிகட்டினால் நல்ல பாகு கிடைக்கும். அதற்கு மேல் ஊறவிட்டால் கசப்பும் சோப்பு வாடையும் ஏறிவிடும்.