ஆண்டுக்கு 24 நாவல்

ஜனவரி பிறந்ததும் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே 24 என்று எழுதிவைப்பது என் வழக்கம். அந்த ஆண்டில் நான் படித்து முடிக்க வேண்டிய நாவல்களின் எண்ணிக்கை அது. மாதத்துக்கு இரண்டு. சிறுகதை, கவிதை, கட்டுரை எதுவும் இந்தக் கணக்கில் வராது. அவற்றையும் படிக்கிறேன், ஆனால் அவற்றுக்கு இலக்கு வைக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. ஒரு சிறுகதையை உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடலாம். நாவல் இரண்டு வாரம் கூடவே இருக்க வேண்டிய விஷயம். அந்த இரண்டு வாரத்தில் வேலை நெருக்கும், உடம்புக்கு முடியாமல் போகும், விருந்தாளிகள் வருவார்கள், கைபேசி எந்நேரமும் பக்கத்திலேயே கிடக்கும். எழுதிவைத்த எண் ஒன்று இருந்தால், எண்பதாம் பக்கத்தில் மூடிவைத்த புத்தகத்தை மறுநாள் கை தானாகத் தேடுகிறது. இலக்கால் எனக்குக் கிடைக்கும் பயன் இது ஒன்றுதான். இதுவே பெரிய பயன்.

24 என்ற எண் வந்த கணக்கைச் சொல்கிறேன். ஒரு நாவல் சராசரியாக 300 பக்கம் என்று வைத்துக்கொண்டால் 24 நாவலுக்கு 7,200 பக்கம். 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 20 பக்கத்துக்குச் சற்றுக் குறைவு. எனக்கு 20 பக்கம் படிக்க அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். காலையில் வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன் அந்த நேரம் கிடைக்கிறது. 50 நாவல் என்று வைத்தால் நாளுக்கு 41 பக்கம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். என் நாளில் அவ்வளவு இடம் இல்லை. பலரும் முதலில் எண்ணை முடிவு செய்துவிட்டு நேரத்தைப் பிறகு தேடுகிறார்கள். கையில் இருக்கிற நேரத்திலிருந்துதான் எண்ணுக்கு வர வேண்டும் என்பது என் கட்சி.

வாசிப்பு வேகம் பற்றி இணையத்தில் சொல்லப்படும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெல்ஜிய உளவியலாளர் மார்க் பிரிஸ்பார்ட் பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2019இல் ஒரு கணக்கு வெளியிட்டார். பெரியவர்கள் ஆங்கிலத்தில் புனைவை மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 260 சொல், புனைவல்லாதவற்றில் 238 என்பது அதன் முடிவு. தமிழுக்கு இது பொருந்தாது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்பதை நாம் ஒரே சொல்லாகப் படிக்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து சொல் வேண்டும். ஒரு சாதாரண நாளில், கையில் இருக்கும் நாவலை அரை மணி நேரம் படித்து எத்தனை பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். உங்கள் வேகம் அதுதான்.

அதுவும் எழுத்தாளருக்கு எழுத்தாளர் மாறும். தி. ஜானகிராமனின் உரையாடல் பக்கங்கள் ஓடும். ஒருவர் பேச மற்றவர் பதில் சொல்ல, கண் தானாக இறங்கிக்கொண்டே போகும். அசோகமித்திரனின் வாக்கியங்கள் அவற்றைவிடச் சிறியவை, எளியவை. ஆனாலும் எனக்கு அவரிடம் வேகம் குறைந்துவிடுகிறது. சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வரி மூன்று வரி தள்ளித்தான் உறைக்கும். திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். அப்படித் திரும்பிப் போகிற இடங்களுக்காகத்தான் நான் நாவல் படிக்கிறேன். அதற்கு இடம் கொடுக்காத இலக்கு எனக்கு வேண்டாம்.

எண்ணும் முறையிலும் சில தீர்மானங்கள் உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். என் கணக்கில் அது ஒரு நாவல். ஐந்து பாகமும் சேர்ந்துதான் ஒரு கதை. முதல் பாகத்தை மட்டும் முடித்தவர் எதையும் முடித்திருக்க மாட்டார். ஜெயமோகனின் 'வெண்முரசு' வேறு விதம். 2014இல் தொடங்கி 2020 வரை நாளுக்கு ஓர் அத்தியாயமாக வந்த 26 நாவல்களின் வரிசை அது. ஒவ்வொன்றும் தனிப் பெயரோடும் தனி வடிவத்தோடும் நிற்பதால் ஒவ்வொன்றையும் ஒன்று என்றே எண்ணுகிறேன். அதை முழுதாகப் படிக்கும் ஆண்டில் வேறெதற்கும் இடமிருக்காது, இருக்கவும் வேண்டாம். ஒலிநூலாகக் கேட்டதையும் சேர்த்துக்கொள்கிறேன், முழுதாகக் கேட்டிருந்தால். சுருக்கப் பதிப்புகளைச் சேர்ப்பதில்லை.

செப்டம்பர் வந்ததும் ஓர் இழுப்பு தொடங்கும். இன்னும் எட்டு பாக்கி என்று தெரிந்தால் கை மெலிந்த புத்தகங்களின் பக்கம் போகும். வாசிப்புக் கணக்கு வைக்கும் செயலிகள் இதை இன்னும் முடுக்கிவிடுகின்றன. அவை ஆண்டைச் சமமாகப் பிரித்து, இத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று சொல்கின்றன. 900 பக்க நாவலின் நடுவில் ஆழ்ந்திருப்பவரும், ஒன்றுமே படிக்காமல் இருப்பவரும் அவற்றுக்கு ஒன்றுதான். அதனால் நான் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு பெரிய நாவலை எடுத்துவிடுகிறேன். ஜனவரியும் பிப்ரவரியும் அதற்கே போனாலும் பரவாயில்லை. பட்டியலின் பின்பாதியில் சிறியவை சேர்ந்துகொள்ளும்.

சிறிய நாவலைக் குறைத்து மதிப்பிடுவதாக நினைக்க வேண்டாம். சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959இல் வந்தது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். கிட்டத்தட்ட முழுவதும் ஒரே களத்தில், ஒரு நாளின் சில மணி நேரத்துக்குள் நடக்கிறது. தந்தையைக் கொன்ற காரிக் காளையின் முன் பிச்சி நிற்கும் இடத்தில், படிப்பவருக்கும் வேறெங்கும் பார்க்க முடியாது. அதன் சுருக்கம் அந்த நேரத்தின் சுருக்கம்தான். அதை எண்ணிக்கைக்காக எடுத்தால் எண்ணிக்கைக்காகவே படிப்போம். அந்த மண்ணின் புழுதி கண்ணில் படாது. ஆகவே சிறிய நாவலை முழு நாள் ஒன்று கையில் இருக்கும்போது மட்டும் எடுக்கிறேன்.

மறுவாசிப்பைக் கணக்கில் சேர்க்கலாமா என்று இலக்கு வைத்துப் படிக்கும் நண்பர்களோடு எனக்கு நெடுநாள் வாக்குவாதம். கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பேன். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வெளிவந்த நாவல். அதைச் சின்ன வயதில் படித்தபோது தாமோதர ஆசான் கதை சொல்லும் முன்பகுதிதான் எனக்கு நாவலாக இருந்தது. ஆசானைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும் பையன்களில் ஒருவனாக நானும் இருந்தேன். பல ஆண்டு கழித்து எடுத்தபோது பின்பகுதி என்னைப் பிடித்துக்கொண்டது. வியாபாரப் போட்டி, பத்திரிகை, தேர்தல் என்று மனிதர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ள, எந்தப் பக்கமும் சேராத மரம் நடுவில் நிற்கிறது. ஆசானின் கதைகளும் இப்போது வேறாகத் தெரிந்தன: மரத்துக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பு அவற்றில்தான் பதிவாகியிருக்கிறது. முன்பகுதி இல்லாமல் பின்பகுதியின் இழப்பு நமக்கு இழப்பாகவே தெரியாது. இது எனக்குப் புது நாவல் தந்த அனுபவத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. இதை எண்ணாமல் விடும் பட்டியல் என்ன பட்டியல்? ஆண்டுக்கு நான்கு இடங்களை மறுவாசிப்புக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

இன்னொன்றை நான் மிகவும் வலியுறுத்துவேன். ஒரு நாவலை முடித்த அன்றே அடுத்ததைத் தொடங்கக் கூடாது. இலக்கு இருக்கும்போது அப்படித் தொடங்கத்தான் மனம் சொல்லும். ஒன்று முடிந்தது, இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, அடுத்ததில் நாலு பக்கம் போகலாமே என்று. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' முடிந்த காலையில் என்னால் வேறு எதையும் திறக்க முடியவில்லை. கிரிக்கெட் ஆடிக்கொண்டு, கல்லூரி போய்க்கொண்டு, சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் செகந்திராபாத் நகரம் மாறிப்போவதைப் பாதி புரிந்தும் புரியாமலும் பார்த்துவந்த சந்திரசேகரன் கடைசிப் பக்கங்களில் ஒரு வீட்டுக்குள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஓடுகிறான். நாவல் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரி கூட இல்லை. அதற்குப் பின் இரண்டு நாள் அவனோடு இருந்தேன். முதல் பகுதிகளில் சும்மா வந்துபோனதாகத் தோன்றிய அண்டை வீட்டுச் சண்டை, விளையாட்டு மைதானத்துப் பேச்சு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து தம் இடத்தில் உட்கார்ந்தன. அந்த இரண்டு நாளும் அந்த நாவலைப் படித்த நாட்கள்தான். 20 பக்கக் கணக்கில் அவை வெற்று நாட்களாகத் தெரியும். என் நோட்டில் அவற்றுக்கு எதிரே நாவலின் பெயரையே எழுதுகிறேன்.

நோட்டில் வேறென்ன எழுதுகிறேன் என்றால், தொடங்கிய தேதி, முடித்த தேதி, எந்தப் பதிப்பு, பிறகு ஒரே ஒரு வாக்கியம். கதைச் சுருக்கம் எழுதமாட்டேன். அது எங்கும் கிடைக்கும். எந்தக் காட்சி என்னை நிறுத்தியது என்பதை மட்டும் எழுதுவேன். மூன்று வருடம் கழித்துப் புரட்டினால் அந்த ஒரு வரியிலிருந்து நாவல் முழுவதும் எழுந்து வருகிறது. வரி எழுத எதுவும் தோன்றாத நாவல்களும் உண்டு. அவற்றுக்கு எதிரே காலியாக விடுகிறேன்.

பாதியில் விட்டதை எண்ணுவதில்லை. ஆனால் பெயரையும், நிறுத்திய பக்கத்தையும் கடைசித் தாளில் குறித்துவைக்கிறேன். நூறு பக்கம் வரை ஒரு நாவலுக்குக் கொடுப்பேன். அதற்கு மேல் பிடிக்காமல் இழுத்துப் படிப்பது எழுதியவருக்கும் மரியாதை ஆகாது.

அடுத்த ஆண்டுக்கான பெரிய நாவலை முடிவு செய்துவிட்டேன். தல்ஸ்தோயின் 'போரும் வாழ்வும்', டி. எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில். ஆனால் இதை மட்டும் ஜனவரி, பிப்ரவரிக்குள் அடைக்கப் போவதில்லை. மூல நாவலில் 361 அத்தியாயங்கள். பெரும்பாலானவை சில பக்கங்களே. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று போனால் ஓர் ஆண்டு முழுக்க வரும். உலகமெங்கும் பலர் அப்படிப் படிக்கிறார்கள். அதைக் காலையிலும் மற்ற நாவல்களை இரவிலும் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அந்த நாவலே 1865இல் ஒரு ரஷ்யப் பத்திரிகையில் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1869இல்தான் நூலாக முழுமை பெற்றது. மெதுவாகப் படிப்பது அதற்குப் புதிதல்ல. 'பொன்னியின் செல்வன்' வாசகர்களும் 1950 முதல் 1954 வரை வாரம் வாரம் காத்திருந்துதான் படித்தார்கள். வந்தியத்தேவனை மூன்றரை ஆண்டு மனத்தில் வைத்திருந்தவர்களுக்கு அவன் எவ்வளவு நெருங்கியவனாக இருந்திருப்பான்! தல்ஸ்தோயின் பியரோடும் நதாஷாவோடும் அப்படி ஒரு வருடம் இருந்து பார்க்க ஆசையாக இருக்கிறது.

இலக்கைப் பொறுத்தவரை அது டிசம்பரில் ஒன்றாகச் சேரும். மற்றவை 23. ரஷ்யப் பெயர்கள் ஒரே ஆளுக்கு மூன்று நான்கு விதமாக வரும் என்பதால், இப்போதே ஒரு தாளில் குடும்பம் குடும்பமாகப் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறேன்: பெஸுகோவ், ரஸ்தோவ், போல்கோன்ஸ்கி, குராகின். கூடப் படிக்க யாராவது வருவதானால் வாருங்கள். ஜனவரி 1ஆம் தேதி முதல் அத்தியாயம், அன்னா பாவ்லோவ்னாவின் வீட்டு விருந்து.